பதினோராம் பக்கம்

காலையில் காரில் ஏறி உட்கார்ந்ததும், "இன்னைக்கு ட்ராஃபிக் எப்படி இருக்கும் பாய்?" என்று கேட்டால் அவர் உடனே பதில் சொல்லமாட்டார். ஃபோனைப் பார்ப்பார். குனிந்து கண்ணாடி வழியாக வானத்தைப் பார்ப்பார். "மழை வரலைன்னா, வழியில ஆக்ஸிடென்ட் எதுவும் இல்லைன்னா, நாப்பது நிமிஷத்துல போயிடலாம். ரெண்டுமே நம்ம கையில இல்ல" என்பார். அதற்குள் நாங்கள் இரண்டு எக்ஸிட் தாண்டியிருப்போம்.

சுகர் லேண்டிலிருந்து ஹூஸ்டன் டவுன்டவுனுக்கு மூன்று வருடம் நானும் அவரும் ஒரே காரில் போய்வந்தோம். காரில் இரண்டு பேர் இருந்தால் ஃப்ரீவேயில் தனி லேனில் போகலாம் என்பதுதான் எங்கள் நட்புக்கு முதல் காரணம். அவர் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார். வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட். நான் ஒரு எனர்ஜி கம்பெனியில் சாஃப்ட்வேர் ஆள். ஒரு வாரம் என் கார், அடுத்த வாரம் அவர் கார்.

அவருக்கு ஊர் மேலப்பாளையம். நான் திருச்சி. ஆரம்பத்தில் இருந்தே பாய் என்றுதான் கூப்பிட்டேன். சில மாதம் கழித்து எனக்கே சந்தேகம் வந்து, அப்படிக் கூப்பிடுவதில் அவருக்கு ஏதாவது சங்கடமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பாய்னா ஹிந்தில அண்ணன். நான் உங்களைவிட ஏழு வயசு மூத்தவன். அதனால சரிதான்" என்றார். அந்த வார்த்தையில் வேறு என்னென்ன இருக்கக்கூடும் என்பதைப் பற்றி எனக்கு இருந்த கூச்சம் எதுவும் அவருக்கு இல்லை. சொன்னது சரியா, தவறா என்பது மட்டும்தான் அவருக்குக் கேள்வி.

ஒருநாள் அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது போலீஸ் நிறுத்தியது. அறுபதுதான் அங்கே அனுமதி. என்ன வேகத்தில் வந்தீர்கள் என்று தெரியுமா என்று அந்த போலீஸ்காரர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தெரியாது என்று சொல்வதுதான் வழக்கமான பதில். இவர், "கடைசி ரெண்டு மைல் எழுபத்தெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவில். அதற்கு முன்னால் எழுபது" என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். போலீஸ்காரர் கையில் இருந்த கருவியைப் பார்த்தார். அது எழுபத்தாறு காட்டியிருந்தது. இவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு எழுபத்தாறு என்றே எழுதிக் கொடுத்தார். மறுபடி கிளம்பி வெகுதூரம் வந்த பிறகும் பாய் அந்தச் சீட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணு என் ஸ்பீடோமீட்டர் தப்பு. இல்ல அவரோட மெஷின் தப்பு."

"டிக்கெட் கம்மியாத்தானே வந்திருக்கு பாய். விடுங்களேன்."

"கம்மின்றது வேற. சரின்றது வேற."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவைக்காக எதையும் சொல்கிறவர் இல்லை என்பது எனக்குப் புரிய மேலும் சில மாதங்கள் ஆயின.

அவருடைய ஆராய்ச்சி என்ன என்று கேட்டதும் அந்த நாட்களில்தான். ஸ்பேஸ்லைக் சப்மேனிஃபோல்ட் என்றார். எனக்குப் புரியவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கில் என் கை இருந்ததால் அவர் தன் கையை வைத்து விளக்கினார். இடது உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"நாம இருக்கிற வெளியில சில திசை நேரம் மாதிரி. சில திசை இடம் மாதிரி. ரெண்டும் கலந்த ஒரு பெரிய வெளிக்குள்ள இந்தக் கை மாதிரி ஒரு பரப்பு கிடக்குதுன்னு வெச்சுக்கோங்க. இது மேல எந்தப் பக்கம் நடந்தாலும் இடம் மட்டும்தான். நேரத்தோட திசை இதுக்குள்ள இல்லவே இல்ல. அதுதான் ஸ்பேஸ்லைக்."

"அப்போ அதுல ஒரு புள்ளியில நானும் இன்னொரு புள்ளியில நீங்களும் இருந்தா?"

"நான் கூப்பிடறது உங்களுக்கு வந்து சேராது. வெளிச்சமே வந்து சேராது."

"எப்பவுமேவா?"

அவர் முகம் மலர்ந்தது. கண்டிஷனைக் கேட்டுவிட்டேன். "கிட்ட கிட்ட இருக்கிற புள்ளிக்கு மட்டும்தான் அப்படி உறுதியா சொல்லலாம். தூரப் புள்ளின்னா, பரப்பு எப்படி வளைஞ்சு போகுது, வெளி எப்படி வளைஞ்சிருக்குன்னு பாக்கணும். அதுதான் என் வேலையே."

அவருக்குப் பேர் சொல்ல ஒரு தேற்றம் இருந்தது. நான் புரிந்துகொண்ட அளவில் அது இதுதான். அப்படிப்பட்ட ஒரு பரப்பு விளிம்பே இல்லாமல் போய்க்கொண்டே இருக்கிறது. அதன் சராசரி வளைவு எங்கும் மாறாமல் ஒரு வரம்புக்குள் இருக்கிறது. அப்படியானால் அது நமக்கு ஏற்கெனவே தெரிந்த மிக எளிய வடிவங்களில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். வேறு வழி இல்லை. வெளி ஒரே சீராக வளைந்திருந்தால் இது பலருக்கும் முன்பே தெரியும். கரடுமுரடாக வளைந்த வெளியிலும் அது உண்மை என்று அவர் நிரூபித்திருந்தார். முப்பது பக்கம். நல்ல ஆய்விதழில் வந்தது. உலகம் முழுவதும் அதைப் படித்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்களா என்று கேட்டேன். "இருபதுக்கு மேல இருக்கும். நாப்பதுன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அவருடைய கிரீன் கார்டு மனு அந்த முப்பது பக்கத்தின் மேல்தான் நின்றது. மூன்று நாட்டுப் பேராசிரியர்கள் அந்தத் தேற்றத்தைப் புகழ்ந்து கடிதம் எழுதியிருந்தார்கள். ஹெச்-1 விசா ஆறு வருடத்தோடு முடிகிறது. அதற்குள் மனுவின் முதல் படி ஒப்புதலானால் தொடர்ந்து இருக்கலாம். அவர் மனைவியும் வேலைக்குப் போகலாம். அந்த அக்கா ஊரில் ஃபார்மசி படித்து, நெல்லையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். பாய் பிஹெச்டி படிக்க வந்தபோது அவருடன் அமெரிக்கா வந்த நாளிலிருந்து வீட்டில் இருந்தார். ஒருமுறை நாங்கள் குடும்பத்தோடு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது, மருந்து அலமாரியில் இருந்த பாட்டில்களை எல்லாம் எழுத்து வரிசையில் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். மொத்தம் ஏழெட்டு பாட்டில்தான்.

என் அண்ணன் விஷயத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அது பாதி உண்மைதான்.

அண்ணனைத் திருச்சியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தினமும் ஃபோன் பண்ணினேன். அம்மா, அண்ணி, சித்தப்பா எல்லாரும், "ஒண்ணுமில்லப்பா, ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்கள். நான்காவது நாள் காரில் இதைச் சொன்னேன். பாய் கேட்டார், "டாக்டர் சொன்னதைச் சொன்னாங்களா, இல்ல அவங்க நினைக்கிறதைச் சொன்னாங்களா?"

எனக்கு எரிச்சல் வந்தது. இருந்தாலும் ஆபீஸ் போனதும் அண்ணன் மகளிடம் ரிப்போர்ட்டையெல்லாம் ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் அவர் வீட்டில் நிறுத்தினோம். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டாமல் ஃபோனைக் கணவரிடம் கொடுத்தார். அவர் தேதிவாரியாக எண்களை மட்டும் பார்த்தார்.

"நான் டாக்டர் இல்ல" என்றார். "ஆனா நாலு நாளா ஒரு நம்பர் ஏறிக்கிட்டே போகுது. ஒருநாள்கூட இறங்கலை. உங்க வீட்டுல யாரும் அந்த நம்பரைப் பத்திப் பேசலை. நீங்க போங்க."

"எப்போ?"

"இன்னைக்கு டிக்கெட் கிடைச்சா இன்னைக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனுக்கு நினைவு இருந்தது. மூன்று நாள் பக்கத்தில் இருந்தேன். என் பையன் ஃபுட்பால் ஆடும் வீடியோவை அவனுக்கு எட்டுப் பத்துத் தடவை போட்டுக் காட்டியிருப்பேன். இரண்டாம் நாள், சின்ன வயதில் நாங்கள் சண்டை போட்ட ஒரு விஷயத்துக்கு அவன் மன்னிப்புக் கேட்டான். எனக்கு அந்தச் சண்டையே மறந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விட்டான். வீட்டில் சொன்னதை நம்பி ஹூஸ்டனில் இருந்திருந்தால் நான் அவன் முகத்தைப் பெட்டியில்தான் பார்த்திருப்பேன். திரும்பி வந்து காரில் ஏறியபோது பாய், "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை" என்றார். ஆறுதலாக எத்தனையோ பேர் என்னென்னவோ சொன்னார்கள். இன்றைக்கு அந்த ஒரு வாக்கியம்தான் நினைவில் இருக்கிறது.

அடுத்த வருடம் மார்ச் மாதம் பிரேசிலிலிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அங்கே ஒரு மாணவி அவருடைய தேற்றத்தை வைத்துத் தன் பிஹெச்டியை எழுதிக்கொண்டிருந்தாள். ரொம்பப் பணிவாக எழுதியிருந்தாள். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி தனக்குப் புரியவில்லை, தன்னுடைய அறியாமையாகத்தான் இருக்கும், கொஞ்சம் விளக்க முடியுமா என்று.

அன்று காலை காரில் அவர் அதைச் சொன்னபோது சாதாரணமாகத்தான் இருந்தார். இரண்டு நாளில் பதில் எழுதிவிடலாம் என்றார். மூன்றாம் நாள் பேசவில்லை. ஒரு வாரம் பேசவில்லை. ட்ராஃபிக் எப்படி என்று கேட்டால், "தெரியலை" என்றார். நான் அவர் உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, தனி லேனிலும் வண்டிகள் நின்றுவிட்ட நேரத்தில் சொன்னார். "ஒரு மலைன்னா அதுக்கு உச்சி இருக்கும். ஆனா முடிவே இல்லாம போற சரிவுக்கு உச்சி இருக்கணும்னு அவசியமில்ல. ஒரு உயரத்தைத் தொடாமலே நெருங்கிக்கிட்டே போகலாம். அப்படி நெருங்க நெருங்க சரிவு தட்டையாயிட்டே வரும்னு நான் எடுத்துக்கிட்டேன். அது எல்லாப் பரப்புக்கும் நடக்காது. பரப்போட வளைவு ஒரு அளவுக்குக் கீழ போகாம இருந்தாத்தான் நடக்கும்."

"உங்க பரப்புல போகாதா?"

"போகாதுன்னு எழுதியிருக்கேன். ஏன் போகாதுன்னு எழுதலை. 'கிளியர்லி'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கேன்." கொஞ்ச நேரம் முன்னால் நின்ற லாரியையே பார்த்தார். "கிளியர்லி இல்ல."

"சரி பண்ண முடியாதா பாய்?"

"மூணு வாரமா பாக்கறேன்."

மேலும் மூன்று வாரம் பார்த்தார். வகுப்பு முடிந்து என் கார் வரும்வரை பார்க்கிங்கில் நின்றபடியே எழுதிக்கொண்டிருப்பார். மெலிந்துபோனார். ஏப்ரல் முடிவில் ஒரு காலை, ஏறும்போதே சொன்னார். "எடிட்டருக்கு எழுதப்போறேன். பேப்பரை வாபஸ் வாங்கணும்."

கிரீன் கார்டு மனு அப்போது நிலுவையில் இருந்தது. எந்த வாரமும் பதில் வரலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். நான் காரைக் கிளப்பவில்லை.

"ரெண்டு மாசம் பொறுங்க பாய். அப்ரூவ் ஆகட்டும். அப்புறம் எழுதுங்க. யாரு கேக்கப்போறா?"

"ரெண்டு மாசம் கழிச்சு எழுதினா, ரெண்டு மாசமா எனக்குத் தெரியும்னு அதையும் சேத்து எழுதணும்."

"எழுதாதீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் ஒரு மொழியில் பேசி, அது அவருக்குத் தெரியாத மொழி என்பதுபோல் பார்த்தார். அண்ணனுடைய ரிப்போர்ட்டில் எல்லாரும் மறைத்த எண்ணை எடுத்துச் சொன்னதற்காகக் காலமெல்லாம் நன்றி வைத்திருக்கிறேன் என்று நான் அவரிடமே சொல்லியிருந்தேன். அதே மனிதரிடம் இப்போது மறைக்கச் சொல்கிறேன். அதை அவர் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபோன் பண்ணி வரச்சொன்னார். போனேன். பாய் சோபாவில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வயது மகள் டைனிங் டேபிளில் ஹோம்வொர்க்கை வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தாள். அக்கா நின்றுகொண்டே பேசினார்.

"அவரைப் பொய் சொல்லச் சொல்லலை தம்பி. சும்மா இருங்கன்னுதான் சொல்றேன். சும்மா இருக்கறது பொய்யா? நீங்களே சொல்லுங்க."

நான் பாயைப் பார்த்தேன். அவர், "அந்தப் பொண்ணு பிஹெச்டி எழுதிட்டிருக்கா. நாலு சாப்டர்ல மூணு என் தேற்றத்து மேல நிக்குது. நான் சும்மா இருந்தா அவ தப்பை எழுதிட்டுப் போவா" என்றார்.

"சொன்னா அவ நாலு வருஷம் போகும்" என்றார் அக்கா. "சொல்லலைன்னா யாருக்கு என்ன போகுது?"

மகள் தலை நிமிராமல் சொன்னாள், "அப்பா, நோபடி ஈவன் ரீட்ஸ் இட்."

"ஒருத்தங்க படிச்சாங்களேம்மா" என்றார் அவர். ரொம்ப மென்மையாகச் சொன்னார். அந்தப் பெண் பென்சிலை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை எழுதிவிட்டார். எடிட்டருக்கு ஒன்று. பிரேசில் மாணவிக்கு ஒன்று. புகழ்ந்து கடிதம் கொடுத்த மூன்று பேராசிரியர்களுக்கும் தனித்தனியாக. வக்கீலுக்கும். இதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, மனு தன் போக்கில் போகட்டும் என்றார் வக்கீல். இவர் மனுவோடு ஒரு திருத்தம் சேர்த்து அனுப்பச் சொன்னார். அப்படி அனுப்புவதற்குப் பதில் வாபஸ் வாங்கிவிடுவதே மேல் என்று வக்கீல் சொல்ல, வாபஸ் வாங்கினார். மே மாதம் துறைத்தலைவர் கூப்பிட்டுக் கைகொடுத்து, இப்படிப்பட்ட நேர்மையைத் தான் பார்த்ததில்லை என்றார். அடுத்த வருடக் கான்ட்ராக்ட் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். "இருக்குன்னு எங்கிட்ட ஆதாரம் இல்ல" என்றார்.

மாணவியிடமிருந்து மூன்று வரியில் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, முதலிலிருந்து தொடங்கவேண்டும், தங்களுக்கு என் வணக்கம். ஒரு வருடம் கழித்து அவள் கணிதத்தையே விட்டுவிட்டாள் என்று அவளுடைய பேராசிரியர் எழுதினார். பாய் அதை என்னிடம் ஒரே ஒருமுறை, ஃபோனில், வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் சொன்னார். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

ஜூலையில் அவர்களை ஏர்போர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். எட்டு பெட்டி. வேன் வாடகைக்கு எடுத்திருந்தேன். பாய் லக்கேஜ் வரிசையில் நின்றபோது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவர் செஞ்சது தப்புன்னு என்னால சொல்ல முடியலை தம்பி. அதுதான் கோவமே. தப்புன்னு சொல்ல முடிஞ்சா சண்டை போட்டுட்டு முடிச்சிருப்பேன்."

மகள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் இங்கே பிறந்தவள். அவளுக்கு மட்டும் இந்த நாட்டில் இருக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அதனாலேயே மூன்று வருடம் கழித்து, கலிஃபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் இருந்த சித்தி வீட்டுக்கு ஹைஸ்கூல் படிக்கத் தனியாகத் திரும்பி வந்தாள். அப்பாவிடம் பேசுவதை அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டாள் என்று அக்கா சொன்னார்.

திருநெல்வேலி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பாய்க்குத் துறைத்தலைவர் வேலை கிடைத்தது. ஒரு வருடம் ஓடியது. இன்ஸ்பெக்ஷன் வந்தபோது, வேலையை விட்டுப்போன மூன்று பேர் இன்னும் இருப்பதாகக் காட்டி ஒரு லிஸ்ட் தயாரித்திருந்தார்கள். துறைத்தலைவர் என்ற முறையில் அவர் கையெழுத்து வேண்டும். அவர் போடவில்லை. அது எல்லா காலேஜிலும் நடப்பதுதானே பாய் என்று நான் ஃபோனில் சொன்னேன். "எல்லா காலேஜ்லயும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். அந்த மாதமே வேலை போனது. பிறகு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வீட்டில் ட்யூஷன். அக்கா பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றார். அங்கே பாட்டில்கள் நிறைய இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்காகச் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் அவர் அந்தப் பதினோராம் பக்கத்தை விடவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என்றைக்காவது அந்த ஓட்டையை அடைத்துவிடுவார், தேற்றம் உண்மை என்று ஆகிவிடும், நடந்ததற்கெல்லாம் ஒரு பொருள் கிடைக்கும் என்று நான் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தேன். எப்போது பேசினாலும் "அது என்னாச்சு பாய்?" என்று கேட்பேன். "பாத்துக்கிட்டிருக்கேன்" என்பார். நாலு வருடம் அதே பதில்.

போன வருடம் ஒருநாள் அவரே கூப்பிட்டார். எனக்குக் காலை, அவருக்குச் சாயங்காலம். பின்னால் ட்யூஷன் பிள்ளைகள் சூத்திரமோ என்னவோ சொல்லும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சிருச்சு" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ப்ரூவ் பண்ணிட்டீங்களா?"

"ஆமா. தப்புன்னு."

தேற்றத்தில் கேட்ட எல்லா நிபந்தனைகளையும் ஒரு பரப்பு பூர்த்தி செய்கிறது. ஆனால் அந்த எளிய வடிவங்களில் அது எதிலும் சேரவில்லை. அப்படி ஒரு பரப்பை அவரே கட்டிவிட்டார். அதன் வளைவு ஓரிடத்திலும் நிற்காமல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. போகாது, கிளியர்லி, என்று எழுதிய அதே இடத்தில். இனி யாரும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. அது ஓட்டையே இல்லை. அதற்கு மேல் கட்ட அங்கே தரையே இருந்ததில்லை.

"இது பெரிய விஷயமில்லையா பாய்? இதை எழுதி அனுப்புங்க."

அனுப்பினார். அதே ஆய்விதழுக்கு. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. எடுத்துக்காட்டு சரியானது, ஆனால் அது மறுக்கும் தேற்றம் ஏற்கெனவே வாபஸ் வாங்கப்பட்டுவிட்டதால் வாசகர்களுக்கு இதில் அதிக ஆர்வம் இருக்காது. வேறு இரண்டு இதழ்களும் ஏறக்குறைய அதையே சொல்லின. இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போட்டுவைத்தார். யாரும் எழுதிக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் பேச்சு நீளவில்லை. "என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றார். அவர் ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டார். பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம்.

"வீட்டுல பேச்சே இல்ல தம்பி. பள்ளிவாசலுக்குப் போறார், வரார். ட்யூஷன் எடுக்கறார். மத்த நேரம் சுவரைப் பாத்து உக்காந்திருக்கார். கணக்கு நோட்டை ஒண்ணுகூடத் தொடறதில்ல. முன்னாடி நான் எதையாவது தப்பா சொன்னா திருத்துவாரு. இப்போ அதுவும் இல்ல. நேத்து கிழமையையே மாத்திச் சொன்னேன். சரின்னுட்டாரு."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களாக்கா?"

"காட்டினேன். மாத்திரை நான்தான் கொடுக்கறேன். நீங்க ஒரு உதவி பண்ணணும். அவர் எழுதினதை யாரோ படிச்சாங்கன்னு சொல்லுங்க."

"யாருக்கா?"

"யாராவது. எனக்கு அவர்கிட்ட பொய் சொல்லிப் பழக்கமில்ல. இருபது வருஷமா ஒரு தடவை சொன்னதில்ல. வாயில வராது. நீங்க சொல்லுங்க."

அன்றைக்கு முழுவதும் நான் அதைத் தயார் செய்தேன். வேலைக்கு இன்டர்வியூ போகும்போதுகூட அப்படித் தயாரானதில்லை. எங்கள் ஆபீஸில் ஒருவர். அவர் பையன் கலிஃபோர்னியாவில் பிஹெச்டி படிக்கிறான். எந்தப் பல்கலைக்கழகம், அவனுடைய பேராசிரியர் எந்தப் பிரிவு, செமினாரில் எத்தனை பேர் இருந்தார்கள், என்ன கேள்வி கேட்டார்கள், எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டேன். பாய் எப்படிக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவன் உங்களிடம் சொன்னானா, அவன் அப்பா சொன்னாரா என்று முதலில் கேட்பார். அதற்கும் பதில் இருந்தது.

மறுநாள் கூப்பிட்டேன். நலம் விசாரித்துவிட்டு, குரல் நடுங்காமல் சொன்னேன்.

"பாய், எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட பையன் மேத்ஸ்ல பிஹெச்டி பண்றான். நீங்க இணையத்துல போட்ட அந்த எடுத்துக்காட்டை அவங்க செமினார்ல எடுத்துப் பேசினாங்களாம். ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாங்களாம்."

அவர் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை. நான் காத்திருந்தேன். கேளுங்கள் பாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

"அப்படியா" என்றார். "சந்தோஷம்."

பிறகு என் பையனைப் பற்றி விசாரித்தார். நன்றாக இருக்கிறான் என்றேன். "நல்லது" என்றார். "இருங்க, அவங்ககிட்ட குடுக்கறேன்" என்று ஃபோனை அக்காவிடம் கொடுத்தார். அக்கா பேசாமல் சமையலறைப் பக்கம் நடந்துபோவது கேட்டது. ஒரு கதவைச் சாத்தினார்.

"நம்பினாரா தம்பி?" என்று மெல்லக் கேட்டார்.

"நம்பிட்டாருக்கா" என்றேன்.